சமயக் கருத்தரங்கு மேடைகளில் பெண்கள் ஏன் குறைவு? மணிமேகலை முதல் யு.ஜி.சி. மதிப்பெண் வரை

பக்தி இலக்கியம் பற்றியோ சமயத் தத்துவம் பற்றியோ ஒரு கருத்தரங்கு நடக்கிறது என்றால், அதன் அழைப்பிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்க. தலைமையுரை, சிறப்புரை, நிறைவுரை என்ற இடங்களில் பெரும்பாலும் ஆண்கள் பெயர். பெண்களின் பெயர் எங்கே இருக்கும்? தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தொகுப்புரை, நன்றியுரை. மேடையில் பெண்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பேச்சு தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும்தான் அவர்கள் வருகிறார்கள்.

உத்திரமேரூர் கல்வெட்டு என்ன சொல்கிறது?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் என்றாலே குடவோலைத் தேர்தல் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919 மற்றும் 921-ம் ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்ட விதிகள் அவை. ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் வாரியத்துக்கு ஆள் எடுக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு இருக்கணும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் விளக்கத் தெரிந்தவர் என்றால் அரைக்கால்வேலி நிலமே போதும். அதாவது, சமயப் படிப்புக்கு நிலத்தில் பாதி தள்ளுபடி!

இந்த விதிகளில் பெண்கள் வருகிறார்கள். எப்படி என்பதுதான் கவனிக்க வேண்டியது. கணக்குக் காட்டாதவரின் உறவினர்களும் போட்டியிட முடியாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தாயின் சகோதரி மகன், அத்தை மகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், மகளை மணந்த மருமகன்... பெண்கள் அங்கே உறவைச் சொல்லும் கண்ணி மட்டுமே.

மணிமேகலை ஏன் ஆண் வேடம் போட்டாள்?

இதே கேள்வியை நேராகப் பேசும் தமிழ்க் காப்பியம் ஒன்று உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரும் தங்கள் தத்துவங்களை விளக்குகிறார்கள். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, பூதவாதி என்று 10 பேர். இன்றைய கணக்கில் அது ஒரு முழுநாள் கருத்தரங்கு! அங்கே போவதற்கு முன் மணிமேகலைக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது: நீ இளம்பெண் என்பதால் உனக்கு யாரும் உண்மைப் பொருளைச் சொல்ல மாட்டார்கள், வேறு உருவம் எடுத்துக்கொள் என்று. அவளும் ஆண் துறவி வடிவில்தான் போய்க் கேட்கிறாள். அறிவு குறைவு என்பதால் அல்ல, ஆள் யார் என்பதால் வந்த தடை அது. பிறகு காஞ்சி நகரில்தான் அறவண அடிகளிடம் அவள் தத்துவமும் தர்க்கமும் கற்கிறாள்.

படைத்தவர்களில் பெண்கள் இல்லையா?

இருக்கிறார்கள். 63 நாயன்மார்களில் 3 பேர் பெண்கள், 12 ஆழ்வார்களில் ஒருவர். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் தேவார மூவருக்கும் முன்பே பதிகம் பாடியவர் காரைக்கால் அம்மையார். ஆண்டாளின் திருப்பாவை இல்லாமல் மார்கழி கிடையாது. அவர்களுடைய பாட்டை மேடையில் பெண் பாடலாம். அதற்குப் பொருள் சொல்ல யாரை அழைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

கோயிலுக்குள் மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. 2021-ல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் சுகாஞ்சனா ஓதுவாராக நியமிக்கப்பட்டார். 2023-ல் 3 பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள். தென்னிந்தியத் திருச்சபை 2013-ல் தன் முதல் பெண் பேராயரைப் பெற்றது.

"கூப்பிட்டோம், அவங்க வரல" - உண்மையா?

அமைப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. அமெரிக்காவின் 50 முன்னணிக் கல்வி நிறுவனங்களில் உரையாற்றிய 3,652 பேரை ஆராய்ந்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. பதவி நிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் ஆண்களே அதிகம் அழைக்கப்பட்டிருந்தார்கள். பெண்கள் ஆண்களை விட அதிகமாக மறுக்கவில்லை என்பதும் தெரிந்தது. சமயவியல் அதில் இல்லை. வரலாறு, சமூகவியல் போன்ற துறைகள் இருந்தன.

ஆள் இல்லை என்பதும் சரியாகாது. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி, 100 ஆண் ஆசிரியர்களுக்கு 77 பெண் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதாவது மொத்தத்தில் சுமார் 43 சதவீதம்.

இதனால் என்ன நஷ்டம்?

மாலை மரியாதையோடு முடிகிற விஷயம் இல்ல. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி, ஆய்வு மதிப்பெண்ணில் அழைப்புரைக்கும் கட்டுரை வாசிப்புக்கும் இடம் உண்டு. வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு 7, உள்நாட்டில் நடப்பதற்கு 5, தேசிய அளவுக்கு 3, மாநில அளவுக்கு 2. அழைப்பு வராத பேராசிரியைக்கு இந்த எண்களும் வராது. வரவேற்புரைக்கு மதிப்பெண் கிடையாது!

எப்படி மாறும்?

அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் 460 அமர்வுகளை வைத்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. அமர்வை அமைப்பவர்களில் ஒரு பெண்ணாவது இருந்தால், ஆண்கள் மட்டுமே அமைத்தவற்றை விட, பேசும் பெண்களின் விகிதம் 72 சதவீதம் கூடியிருந்தது. இந்தியாவில் அறிவியல் மாநாடுகளின் பேச்சாளர் பட்டியலை எண்ணி வெளியிட, 'பயஸ்வாட்ச் இந்தியா' என்ற முயற்சியை 2020-ல் இரண்டு பெண் விஞ்ஞானிகள் தொடங்கினார்கள்.

சமயக் கருத்தரங்குக்கும் அப்படி எண்ணலாம், அழைப்பிதழ் ஒன்று போதும். வரவேற்புரையையும் நன்றியுரையையும் கழிச்சுட்டு எண்ணணும்.