மீட்பின் பரப்பு பற்றிய விவாதம்

கடவுள் தரும் மீட்பு மனிதர் எல்லாருக்கும் உரியதா, அவர் முன்னமே தெரிந்துகொண்டவர்களுக்கு மட்டும் உரியதா என்று கிறிஸ்தவ இறையியலில் 5ஆம் நூற்றாண்டு முதல் நடந்துவரும் விவாதம் இது. தமிழ்ப் புரொட்டஸ்டன்டுகள் ‘இரட்சிப்பு’ என்றும் கத்தோலிக்கர் ‘மீட்பு’ என்றும் சொல்வது ஒன்றையே. ‘கிறிஸ்து யாருக்காக மரித்தார்?’ என்பதே விவாதத்தின் மையக் கேள்வி. 1618–19இல் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் (சுருக்கமாக டோர்ட்) நகரில் கூடிய சினாடில், அதாவது திருச்சபைப் பேரவையில், அது உச்சத்தை எட்டியது. ஆனால் அந்தச் சினாடோடு முடிந்துவிடவில்லை.

மீட்பு எல்லாருக்கும் நீட்டப்படுகிறது என்பது வேறு, எல்லாரும் இறுதியில் மீட்கப்படுவார்கள் என்பது வேறு. இரண்டாவது கருத்து 3ஆம் நூற்றாண்டின் ஒரிஜனோடும் 4ஆம் நூற்றாண்டின் நீசா கிரகோரியோடும் சேர்த்துப் பேசப்படுவது. இந்தக் கட்டுரையில் வரும் இரு தரப்பாருமே பெரும்பாலும் அதை மறுத்தவர்கள். சிலர் மீட்கப்படுவார்கள், சிலர் மீட்கப்பட மாட்டார்கள் என்பதில் இருவருக்கும் உடன்பாடு. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, கடவுளின் தீர்மானத்திலிருந்தா மனிதனின் மறுமொழியிலிருந்தா என்பதில்தான் பிரிந்தார்கள்.

வேதத்தில் வேர்

இரு தரப்புக்கும் வேத ஆதாரம் உண்டு. எல்லாரும் மீட்கப்பட வேண்டும் என்பது கடவுளின் விருப்பம் என்று 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரம் சொல்கிறது. கிறிஸ்துவின் பலி முழு உலகத்தின் பாவங்களுக்கும் உரியது என்கிறது 1 யோவான் 2ஆம் அதிகாரம். மறுபக்கம், யோவான் 10இல் மேய்ப்பன் தன் ஆடுகளுக்காக உயிர் கொடுக்கிறான். ரோமர் 9இல் யாக்கோபும் ஏசாவும் பிறக்கும் முன்பே தெரிவு நடந்துவிடுகிறது. ஆகவே வசனம் தெரியாததால் எழுந்த சண்டை அல்ல இது. எந்த வசனத்தை வைத்து எந்த வசனத்தைப் படிப்பது என்பதே வழக்கு. ‘எல்லாரும்’ என்ற ஒரு சொல்லுக்காக எழுதப்பட்ட பக்கங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அகஸ்டீனும் கொட்ஷால்க்கும்

ஹிப்போ நகர ஆயர் அகஸ்டீன் (354–430), பெலேஜியஸ் என்ற துறவியோடு நடத்திய வாதத்தில், மனித சித்தம் தானாகக் கடவுளிடம் திரும்பாது, கிருபையே முந்திவர வேண்டும் என்று நிறுவினார். அந்தக் கிருபை ஏன் எல்லாருக்கும் வருவதில்லை என்ற கேள்விக்கு அவர் தந்த விடை, கடவுளின் மறைவான தெரிவு. கடவுள் எல்லாரும் மீட்கப்பட விரும்புகிறார் என்ற வாசகத்துக்கு, அரசன் ஆண்டி, படித்தவன் படிக்காதவன் என எல்லா வகை மனிதரிலும் சிலர் என்று பொருள் சொன்னார். பின்னாளில் ஜான் கால்வினின் வழிவந்த கால்வினியர் பலரும் இந்த விளக்கத்தையே கையாண்டனர். 529இல் கூடிய ஓரஞ்சுச் சங்கம் கிருபை முந்தியது என்பதை ஏற்றது. தீமைக்கென்று கடவுள் எவரையும் முன்குறித்தார் என்பதை வன்மையாக மறுத்தது.

9ஆம் நூற்றாண்டில் கொட்ஷால்க் என்ற சாக்ஸன் துறவி அகஸ்டீனின் கருத்தை அதன் கடைக்கோடிக்கே இழுத்தார். நல்லோருக்கு வாழ்வும் தீயோருக்குத் தண்டனையும் என முன்குறிப்பு இரட்டையானது என்றும், தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமே கிறிஸ்து மரித்தார் என்றும் போதித்தார். 849இல் கீர்சி என்ற இடத்தில் கூடிய ஆயர்கள் அவரைச் சாட்டையால் அடிக்கச் செய்து மடத்தில் அடைத்தார்கள். 853இல் அதே கீர்சியில் ரீம்ஸ் பேராயர் ஹிங்மாரின் தலைமையில் வேறொரு தீர்மானம் வந்தது: கிறிஸ்து யாருக்காகப் பாடுபடவில்லையோ அப்படிப்பட்ட மனிதர் எவரும் இல்லை. 855இல் வாலன்சில் கூடிய ஆயர்கள் அதையும் குறை கூறினார்கள். கொட்ஷால்க் சிறையிலேயே இறந்தார்.

12ஆம் நூற்றாண்டில் பீட்டர் லொம்பார்ட் ஒரு சமரச வாய்பாட்டைப் பரப்பினார். கிறிஸ்துவின் பலி எல்லாருக்கும் போதுமானது, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே பயன் தருவது. பின்வந்த நூற்றாண்டுகளில் எதிரெதிர் அணியினரும் இதைத் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டார்கள். அதன் வசதியும் அதன் குறையும் அதுவே.

லைடனில் இரு பேராசிரியர்கள்

ஜெனிவாவின் ஜான் கால்வின் (1509–1564) முன்குறிப்பைத் தெளிவாகப் போதித்தவர். ஆனால் கிறிஸ்துவின் மரணம் யாருக்கானது என்பதில் அவர் கருத்து என்ன என்பதை ஆய்வாளர்கள் இன்றும் வாதிக்கிறார்கள். அவருக்குப் பின் வந்த தியோடர் பேசாவிடம் அந்த ஐயத்துக்கு இடமில்லை. பேசாவிடம் ஜெனிவாவில் படித்த ஒரு டச்சு மாணவர்தான் பின்னர் எதிரணியின் பெயராகிப் போனார்.

அந்த மாணவரான யாக்கோபுஸ் ஆர்மீனியஸ் ஔடவாட்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1575இல் ஸ்பானியப் படை அந்த ஊரைச் சூறையாடியபோது அவருடைய குடும்பத்தார் கொல்லப்பட்டனர். 1588 முதல் ஆம்ஸ்டர்டாமில் போதகராக இருந்து, 1603இல் லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியரானார். அவரது கருத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: யார் விசுவாசிப்பார்கள் என்பதைக் கடவுள் முன்னறிகிறார், அவர்களைத் தெரிந்துகொள்கிறார், கிருபை இன்றி யாரும் விசுவாசிக்க முடியாது, ஆனால் அந்தக் கிருபையைத் தள்ளிவிட மனிதனால் முடியும். அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த பிரான்சிஸ்குஸ் கொமாரஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். விவகாரம் வகுப்பறையிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து அரசவைக்கும் போயிற்று. ஆர்மீனியஸ் 1609 அக்டோபரில் இறந்தார்.

மறு ஆண்டு, ஊய்ட்டன்போகார்ட் என்ற போதகரின் தலைமையில் நாற்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் ஐந்து பிரிவுகள் கொண்ட விண்ணப்பம் ஒன்றை ஹாலந்து மாகாண அரசிடம் கொடுத்தார்கள். அதனால் அவர்களுக்கு ‘ரிமான்ஸ்ட்ரன்ட்’, அதாவது முறையீட்டுக்காரர், என்ற பெயர் நிலைத்தது. இரண்டாம் பிரிவு நேரடியானது: கிறிஸ்து எல்லாருக்காகவும் ஒவ்வொருவருக்காகவும் மரித்தார், ஆனால் விசுவாசிப்பவரே அதன் பலனைப் பெறுகிறார். மீட்கப்பட்டவர் மீண்டும் விழுந்துபோகக்கூடுமா என்ற ஐந்தாம் விஷயத்தை மட்டும் இன்னும் ஆராய வேண்டும் என்று திறந்தே விட்டார்கள். அந்தக் காலத்து இறையியல் ஆவணங்களில் இவ்வளவு அடக்கம் அபூர்வம்.

டோர்ட் சினாடு

டச்சுக் குடியரசு அப்போது ஸ்பெயினோடு பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தத்தில் (1609–1621) இருந்தது. போர்நிறுத்தத்தைச் செய்துமுடித்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் முறையீட்டுக்காரருக்குக் காப்பாக நின்றார். படைத்தலைவர் மௌரிட்ஸ் இளவரசர் எதிரணியில் சேர்ந்தார். 1618இல் மௌரிட்ஸின் கை ஓங்கியது. ஓல்டன்பார்னவெல்ட் கைதானார். அதன் பிறகே சினாடு கூடியது என்பதை மறக்காமல் அதன் முடிவுகளைப் படிக்க வேண்டும்.

1618 நவம்பர் 13 முதல் 1619 மே 9 வரை 154 அமர்வுகள். இங்கிலாந்து, பாலத்தினேட், ஹெஸ்ஸே, பிரெமன், ஜெனிவா, சுவிஸ் நகரங்கள் எனப் பல நாட்டு இறையியலர்கள் வந்தார்கள். பிரெஞ்சுப் பிரதிநிதிகளைப் போக விடாமல் மன்னர் பதின்மூன்றாம் லூயி தடுத்துவிட்டார். முறையீட்டுக்காரர்கள் பிரதிநிதிகளாக அல்ல, விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்களாகவே நின்றார்கள். எப்பிஸ்கோப்பியஸ் அவர்கள் சார்பில் பேசினார். நடைமுறை பற்றியே வாரக்கணக்கில் இழுபறி நடந்தது. 1619 ஜனவரியில் தலைவர் போகர்மான் பொறுமை இழந்து அவர்களை வெளியேற்றினார். பிறகு அவர்களது நூல்களை வைத்துத் தீர்ப்பு எழுதப்பட்டது.

தீர்ப்பை ‘டோர்ட் நியதிகள்’ என்பர். கடவுள் தம் சித்தத்தால் தெரிந்துகொள்கிறார், முன்னறிந்த விசுவாசத்தைப் பார்த்து அல்ல என்பது முதல் தலைப்பு. இரண்டாவதுதான் நம் விஷயம். அதைக் கேள்விப்பட்டவர் பலர், வாசித்தவர் சிலர். கிறிஸ்துவின் பலி முழு உலகத்தின் பாவங்களுக்கும் தாராளமாகப் போதுமானது என்று அது முதலில் சொல்கிறது. விசுவாசிப்பவர் அழியமாட்டார் என்ற வாக்கை எல்லா மக்களுக்கும் வேறுபாடின்றி அறிவிக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. அதற்குப் பிறகே, அந்த மரணத்தின் மீட்கும் பலன் தெரிந்துகொள்ளப்பட்டவர்களிடம் மட்டும் நிறைவேறுவது கடவுளின் நோக்கம் என்கிறது. இந்தத் தாராளம் தற்செயலாக வந்ததல்ல. இங்கிலாந்திலிருந்து வந்த ஜான் டேவனன்டும் பிரெமனின் மார்ட்டினியஸும் கிறிஸ்து ஏதோ ஒரு பொருளில் எல்லாருக்காகவும் மரித்தார் என்று நம்பியவர்கள். அவர்களும் கையெழுத்திடும்படியாக வாசகம் செதுக்கப்பட்டது.

சினாடின் 154ஆம் அமர்வு முடிந்த நான்காம் நாள், மே 13 அன்று, 71 வயது ஓல்டன்பார்னவெல்டின் தலை ஹேக் நகரில் வெட்டப்பட்டது. சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸுக்கு ஆயுள் சிறை. 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து கோட்டையிலிருந்து தப்பினார். சுமார் 200 போதகர்கள் பதவி இழந்தனர். முறையீட்டுக்காரரின் சிறிய சபை நெதர்லாந்தில் இன்றும் இருக்கிறது.

கால்வினியத்தின் ஐந்து கோட்பாடுகளை ஆங்கிலத்தில் எழுதி முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘டியூலிப்’ என்ற பூவின் பெயர் வரும். டச்சு நாட்டுக்குப் பொருத்தமான பூதான். ஆனால் அந்த வாய்பாடு 20ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. டோர்டில் கூடியவர்களுக்கு அது தெரியாது, அவர்களது தலைப்புகளின் வரிசையும் அதுவல்ல.

நடுவழிகள்

பிரான்சின் சோமூர் கல்விக்கழகத்தைச் சேர்ந்த மோசே அமிரோ 1634இல் ஒரு நடுவழியை முன்வைத்தார். விசுவாசம் என்ற நிபந்தனையோடு கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், அந்த விசுவாசத்தைக் கடவுள் தெரிந்துகொண்டவர்களுக்கே அருள்கிறார். 1637இல் பிரெஞ்சுச் சினாடு அவரைத் தண்டிக்காமல் விட்டது. சுவிஸ் சபைகள் 1675இல் அந்தக் கருத்துக்கு எதிராகத் தனி அறிக்கையே இயற்றின. லூத்தரன் சபைகள் 1577இன் இசைவு அறிக்கையிலேயே, கிறிஸ்துவின் பலி எல்லாருக்கும் உரியது, ஆனால் மீட்கப்படுபவர் கிருபையால் மட்டுமே மீட்கப்படுகிறார் என்ற நிலையை எடுத்துவிட்டன. மீதியைக் கடவுளின் மறைபொருளாக விட்டார்கள்.

பிரசங்க மேடையில்

ஏட்டில் முடிந்த தர்க்கம் மேடையில் மீண்டும் கிளம்பியது. முன்னே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து, ‘கிறிஸ்து உனக்காக மரித்தார்’ என்று ஒரு போதகர் சொல்லலாமா? அவர் தெரிந்துகொள்ளப்பட்டவரா என்பது போதகருக்கு எப்படித் தெரியும்? இந்த விவாதத்தைப் பேராசிரியர்களின் நூல்களைவிட இந்தக் கேள்விதான் அதிகம் நகர்த்தியது.

ஸ்காட்லாந்தில் 1718இல் மறுபதிப்பான ஒரு பழைய நூல், அப்படிச் சொல்லலாம் என்றது. 1720இல் சபையின் பொதுப்பேரவை அந்த நூலைக் கண்டித்தது. தாமஸ் பாஸ்டன், எபனேசர் எர்ஸ்கின் முதலியோர் நூலின் பக்கம் நின்றனர். அவர்கள் கால்வினியத்தைக் கைவிட்டவர்கள் அல்லர். ஆனாலும் நற்செய்தியை எல்லாருக்கும் தடையின்றி நீட்ட வேண்டும் என்றனர்.

இங்கிலாந்தில் மோதல் இரு நண்பர்களுக்குள். 1739இல் பிரிஸ்டலில் ஜான் வெஸ்லி இலவசக் கிருபை பற்றிப் பிரசங்கித்து, முன்குறிப்புக் கோட்பாடு கடவுளைக் கொடியவராக்குகிறது என்று தாக்கினார். அதை அச்சிடலாமா என்று சீட்டுப் போட்டுப் பார்த்தே முடிவுசெய்தார் என்பது சுவையான முரண். ஜார்ஜ் விட்ஃபீல்டு 1740 டிசம்பரில் எழுதிய கடிதத்தில் பதிலடி தந்தார்: யார் தெரிந்துகொள்ளப்பட்டவர் என்று தெரியாததால்தான் எல்லாருக்கும் பிரசங்கிக்கிறோம். இருவரும் முன்னின்று நடத்திய மெதடிசம் என்ற எழுப்புதல் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. 1770இல் விட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் இரங்கல் பிரசங்கம் செய்தவர் வெஸ்லியே.

பாப்டிஸ்டுகளுக்குள் இதன் விளைவு இந்தியா வரை வந்தது. தெரிந்துகொள்ளப்பட்டதற்கான அறிகுறி காட்டாதவரை விசுவாசிக்க அழைப்பது முறையல்ல என்று சில கால்வினியப் பாப்டிஸ்டுகள் கருதினார்கள். ஆண்ட்ரூ ஃபுல்லர் 1785இல் வெளியிட்ட நூலில், கேட்கும் எவருக்கும் விசுவாசிப்பது கடமை, ஆகவே எவரையும் அழைப்பது போதகரின் கடமை என்று வாதாடினார். அந்த வாதத்தின் மேல் எழுந்ததே 1792இல் கெட்டரிங்கில் தொடங்கிய பாப்டிஸ்ட் மிஷனரிச் சங்கம். ஃபுல்லர் அதன் முதல் செயலாளர். அடுத்த ஆண்டு வங்காளம் வந்திறங்கினார் அச்சங்கத்தின் மிஷனரி வில்லியம் கேரி.

ஸ்காட்லாந்தின் ரோ கிராமத்துப் போதகர் ஜான் மெக்லியட் கேம்பெல், தம் சபையார் தாங்கள் மீட்கப்பட்டவர்களா என்ற அச்சத்திலேயே வாடுவதைக் கண்டு, கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்று போதித்தார். 1831இல் பொதுப்பேரவை அவரைப் பதவிநீக்கியது. 1868இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்துப் பெருமைப்படுத்தியது. அதற்குள் காற்று மாறியிருந்தது. 1879இல் ஒருங்கிணைந்த பிரஸ்பிட்டேரியன் சபையும் 1892இல் சுதந்திரச் சபையும் தங்கள் பழைய விசுவாச அறிக்கையைத் தளர்த்தி விளக்கம் வெளியிட்டன. அதை ஏற்காதோர் 1893இல் தனிச் சபையாகப் பிரிந்தனர்.

கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையும்

கத்தோலிக்கத் திருச்சபை இந்தச் சண்டையை வேறு பெயரில் நடத்தியது. 1640இல் வெளியான கார்னேலியஸ் ஜான்சனின் நூலிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட ஐந்து கூற்றுகளைத் திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட் 1653இல் கண்டித்தார். கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்பது தவறான போதனை என்றது ஐந்தாம் கூற்று. திருச்சபையை அறியாதவரின் மீட்பு பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் பேசியது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனச்சான்றின்படி கடவுளைத் தேடுவோரும் மீட்பு அடையலாம் என்றது. கீழைத் திருச்சபைக்கு அகஸ்டீனின் கேள்வியே அந்நியம். கான்ஸ்டான்டிநோபிள் பிதாப்பிதா கிரில் லூகாரிஸின் பெயரில் வந்த கால்வினிய அறிக்கையை 1672இல் எருசலேம் சங்கம் தள்ளிவிட்டது.

20ஆம் நூற்றாண்டில் கார்ல் பார்த் (1886–1968) கால்வினியக் கட்டடத்தை உள்ளிருந்தே மாற்றிக் கட்டினார். தெரிந்துகொள்ளப்பட்டவரும் தள்ளப்பட்டவரும் கிறிஸ்து ஒருவரே, மனிதர் அவருக்குள் அடக்கம் என்றார். இது எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்பதில்தானே போய் முடியும் என்று கேட்டவர்களுக்கு அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 1973இல் ஐரோப்பாவின் லூத்தரன், சீர்திருத்தச் சபைகள் லொயன்பெர்க் உடன்படிக்கையில், முன்குறிப்பு பற்றிய பழைய கண்டனங்கள் மற்றவரின் இன்றைய போதனைக்குப் பொருந்தாது என்று ஒப்புக்கொண்டன.

தமிழ் நிலத்தில்

டோர்ட் நியதிகள் தமிழ் நிலத்துக்கு ஒல்லாந்தரோடு, அதாவது டச்சுக்காரரோடு, வந்தன. 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் பிடித்த அவர்களின் சீர்திருத்தச் சபைக்கு அந்நியதிகள் மூன்று அடிப்படை ஆவணங்களில் ஒன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க் லூத்தரன். 1814இல் இலங்கைக்கு வெஸ்லியின் மெதடிஸ்டுகளும், 1816இல் யாழ்ப்பாணத்துக்குக் கால்வினிய மரபில் வந்த அமெரிக்க மிஷனரிகளும் வந்தனர். ஐரோப்பாவில் ஒருவரையொருவர் கண்டித்த மரபுகள் இங்கே அடுத்தடுத்த ஊர்களில் பள்ளிக்கூடம் நடத்தின.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும், பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் முன்பே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் அதில் சேர்ந்தன. வேதத்தையும், அப்போஸ்தலர் விசுவாச அறிக்கையையும், நிசேயா விசுவாச அறிக்கையையும் ஏற்பது அதன் அடிப்படை. டோர்ட் நியதிகளையோ வெஸ்லியின் பிரசங்கங்களையோ ஏற்க வேண்டும் என்று அது யாரையும் கேட்கவில்லை.