தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்

சாதி எதிர்ப்பை வெளிப்படையாக மேடையேற்றிய சென்னை இசைக்குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து இதை உருவாக்கினர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 19 பேருடன் அரங்கேறியது. பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ தமிழர் என்னும் கருத்து.

பாட்டால் சாதியை எதிர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தில் கொட்டாரத்துக்கு அருகே சாமித்தோப்பில், சாதி எதிர்ப்புச் சமயத் தலைவர் அய்யா வைகுண்டரின் வழியினர் ஓதிவரும் அகிலத்திரட்டு அம்மானை, திருவிதாங்கூர் மன்னரின் வரிக்கொடுமையையும் சாதிக்கொடுமையையும் கடிந்த நூல். அது எழுதப்பட்டது 1841இல் என்பது மரபு. நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரான நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் ‘நல்லதம்பி’ (1949) படத்தில் கிந்தனார் காலட்சேபத்தால் அதே வேலையைச் சிரிக்கச் சிரிக்கச் செய்தார்.

குழுவின் இசையைக் கறாரான பங்க் என்று சொல்ல முடியாது. பங்க்கின் துணிச்சல் மட்டும் முழுதாக உண்டு. வடசென்னைச் சாவு வீடுகளில் விடிய விடிய ஒலித்த கானா, பறை, சட்டி ஆகியவற்றோடு ராப்பும் எலெக்ட்ரிக் கிதாரும் சேர்ந்தன. சினிமா பெரும்பாலும் குத்தாட்டத்துக்கும் கேலிக்கும் பயன்படுத்திய கானா, இங்கே இட ஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் ஆணவக் கொலையையும் பேசியது. ‘மகிழ்ச்சி’ என்ற ஆல்பம் வந்தது என்றாலும் குழுவின் உயிர் மேடையில்தான்.

தொடக்கத்தில் குழுவிலிருந்த ஒரே பெண் இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் பாடிப் பெயர்பெற்ற இவர், 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாட்டுக்காக, அது வெளிவந்து சில ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில் அவர்மீது புகார்களும் மிரட்டல்களும் குவிந்தன. பழைய பாட்டு ஒன்று இத்தனை தாமதமாகப் புண்படுத்தியது விந்தைதான்.

குழுவின் ராப் பாடகர் அரக்கோணத்து அறிவு 2019இல் ‘தெருக்குரல்’ ஆல்பத்தையும், 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் ‘எஞ்சாயி எஞ்சாமி’யையும் தந்தார். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு ஒலித்தது. பாட்டை ரசித்தவர்கள் பாடியவரை மறந்ததைச் சாதியிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம்.

2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’, சபாக்களின் சீசனிலேயே பறைக்கும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் மேடை தந்தது. இந்தக் குழு விதைத்தவற்றில் நிலைத்து நிற்பது அதுவே.