வேலூர்க் குழந்தைகள் 452

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் "பல் முளைக்குது" என்று ஒரு பதில் நம்ம வீடுகளில் எப்போதும் தயார். அடுத்த மாசமும் வந்தால்? அடுத்த பல்லு! :) இங்கே ஏ.எஸ்.ராவ் நகரில் உள்ள தமிழ்க் குடும்பங்களிலும் இதே கதைதான். ஆனால் இப்படித் திரும்பத் திரும்ப வருவதை ஒழுங்காக எண்ணிப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. நம்ம வேலூர்.

கைக்குழந்தைகளைப் பாடாய்ப்படுத்தும் ரோட்டா வைரஸை 1973-ல் ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப் குழுவினர் கண்டுபிடித்தார்கள். 1996-ல் மெக்சிகோ ஆய்வு ஒன்று வந்தது. இரண்டு வயது வரை கவனித்த 200 குழந்தைகளில், இரண்டு முறை தொற்று வந்தவர்களுக்கு அதன்பின் கடுமையான வயிற்றுப்போக்கு வரவே இல்லை.

நம்மூரிலும் அப்படித்தானா? வேலூர் சி.எம்.சி.யில் ககன்தீப் காங் குழுவினர் 2002-ல் இறங்கினார்கள். பிறந்த குழந்தைகள் 452 பேர், மூன்று வயது வரை. வாரம் இருமுறை வீடு தேடிப்போய் விசாரிப்பு. நோய் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கொரு மலப் பரிசோதனை. ஆஸ்பத்திரி நோட்டை மட்டும் நம்பியிருந்தால், சத்தமில்லாமல் வந்துபோன தொற்றுகள் தெரிந்தே இருக்காது.

கடைசி வரை இருந்தவர்கள் 373 பேர். பாதியில் போனவர்களை என்ன செய்வது? அடியோடு நீக்கினால், அவர்களைக் கவனித்த மாதங்கள் வீண். "அப்புறம் நோயே வரவில்லை" என்று எழுதினால், அது பொய்க்கணக்கு. புள்ளியியலில் இதற்கு வழி இருக்கிறது. 14 மாதம் கவனித்த குழந்தை 14 மாதம் மட்டும் கணக்கில் இருக்கும். அதற்குமேல் "தெரியாது", அவ்வளவுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே குழந்தைக்கு நாலு தடவை வருவதும், நாலு குழந்தைக்கு ஒவ்வொரு தடவை வருவதும் ஒன்றல்ல. சில பிள்ளைகள் இயல்பிலேயே நோஞ்சான். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

2011-ல் முடிவு வெளிவந்தது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே தொற்று வந்துவிட்டது. மூன்று முறை வந்தபிறகும், ஓரளவு கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79% மட்டுமே. மெக்சிகோ கணக்கு இங்கே செல்லவில்லை.

இனி ஹைதராபாத்துக்கு வருவோம். எங்கள் பகுதிக்கு வடக்கே ஜீனோம் வேலியில் பாரத் பயோடெக் தயாரித்த சொட்டு மருந்து ரோட்டாவேக். அதன் மூல வைரஸ், டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் 1980-களில் எம்.கே.பான் குழுவினர் கண்டெடுத்தது. டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதித்ததில், முதல் வருஷத்தில் கடுமையான நோயை 56% குறைத்தது. "பாதிதானா?" என்று கேட்டவர்கள் உண்டு. இயற்கையே மூன்று தொற்றுக்குப் பிறகும் 79-க்கு மேல் தராத ஊரில், மருந்திடம் நூறு கேட்பது நியாயமா? பாதி குறைந்தாலே எத்தனை பிள்ளைகள் குளுக்கோஸ் ஏற்றாமல் தப்பிக்கும்! 2016-ல் ஆந்திரா உட்பட நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்து, பிறகு நாடு முழுக்கப் பரவியது.

ஊர் மாறி வந்த நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இந்தச் சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில். முதல் தவணை அம்மா வீட்டில், மூன்றாவது இங்கே என்று ஆகிவிடுகிறது. அட்டையில் காலியாக இருக்கும் கட்டத்துக்கு "போட்டாச்சு" என்றும் அர்த்தமில்லை, "போடவில்லை" என்றும் அர்த்தமில்லை. "தெரியாது" என்றுதான் அர்த்தம். ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டு, டாக்டரிடம் காட்டி, அதை நிரப்பிவிடுங்கள்.