மருந்துக்கு முன் சோதனை: செமினி மலையோரம் சொல்லும் பாடம்



தோட்ட வரலாற்றைப் பேசும்போது கங்காணியையும் கள்ளுக்கடையையும் நினைவுகூர்கிறோம். நம் முன்னோரை வாரிக்கொண்டுபோன மலேரியாவை மறந்துவிடுகிறோம்.

1901-இல் கிள்ளானில் மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்புநிலங்களை வடியச்செய்து, காட்டை அகற்றி, நகரில் மலேரியாவைக் குறைத்தார். ஆனால், செமினியைப் போன்ற மலையோரப் பகுதிகளுக்கு அம்முறை பொருந்தவில்லை. பால்மரம் நடக் காட்டை அழித்ததும் ஓடைகளில் வெயில் பட்டது. அத்தெளிந்த நீரில் பெருகும் 'அனோபிலிஸ் மக்குலாட்டஸ்' கொசு தொழிலாளர் குடியிருப்புகளைச் சூழ்ந்தது.

நோயின் அளவை அறிய, தோட்டப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியோரை வாட்சன் கணக்கிட்டார். நம் குழந்தைகளின் வயிறே அன்று அளவுகோலாக இருந்தது!

மலேரியாக் கிருமியை 1880-லேயே லவரான் இரத்தத்தில் கண்டிருந்தார். எனினும், நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற கண்களும் தோட்டந்தோறும் கிடைக்கவில்லை. காய்ச்சல் என்றால் பெரும்பாலும் கொயினாதான். 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் வில்லியம் பிளெட்சர், எலிக்காய்ச்சலும் டைபஸ் காய்ச்சலும் இந்நாட்டில் உண்டெனக் காட்டினார். அவற்றைக் கொயினா குணப்படுத்தாது. சோதியாமல் கொடுத்த மருந்து எத்தனை பேருக்குப் பயனற்றுப் போயிருக்கும்!

1990-களில் விரைவுச் சோதனை அட்டை வந்தது. விரல்நுனியில் எடுத்த ஒருதுளி இரத்தம், ஏறக்குறைய இருபது நிமிடங்களில் விடை சொல்லும். மலேரியா என ஐயுறும் அனைவரையும் சோதித்த பின்னரே மருந்து தரவேண்டும் என 2010-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆய்வுக்கூடமற்ற சிற்றூரின் சுகாதாரப் பணியாளருக்கு இது பெருந்துணை.

ஆயினும், அட்டையின் விடையே முடிவான விடையன்று. மலேசியாவில் மனிதரிடையே பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் தொற்றவில்லை. மாறாக, குரங்குகளிடமிருந்து கொசுவழி வரும் 'நோலெசி' மலேரியா நீடிக்கிறது. இயற்கையாக அது மனிதரைத் தொற்றியது முதன்முதலில் 1965-இல், பகாங் காட்டுக்குச் சென்றுவந்த ஒருவரிடம் கண்டறியப்பட்டது. விரைவுச் சோதனை இவ்வகையைப் பலவேளைகளில் தவறவிடும். நுண்ணோக்கியும் மரபணுச் சோதனையும் இன்றும் தேவை. இக்கிருமி நாளுக்கொருமுறை பெருகுவதால் தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே, காட்டோரம் முகாமிட்டுத் திரும்பிய பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், டிங்கி இல்லை என்றவுடன் அமைதி கொள்ளாதீர். காட்டுக்குச் சென்றதை மருத்துவரிடம் தவறாது கூறி, மலேரியாவுக்கும் இரத்தத்தைச் சோதிக்கக் கேளுங்கள்.