சபை நடுவே தனிமை: வெர்ல்டுகாம் வீழ்ச்சியும் குவேக்கர் ஒழுங்கும்

வெற்றிபெற்ற கிறிஸ்தவத் தொழிலதிபரின் தனிமை பெரும்பாலும் மனச்சோர்வாகவே பேசப்படுகிறது. ஜெபக்குழுவும் ஐக்கியமும் அதற்கு மருந்தாகச் சொல்லப்படுகின்றன. அவரைக் கவிழ்க்கும் தனிமை உண்மையில் கணக்குக் கேட்க ஆளில்லாத நிலையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

வெர்ல்டுகாம் தொலைத்தொடர்பு நிறுவனத்தை நடத்திய பெர்னார்டு எபர்ஸ், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் புரூக்ஹேவன் ஊரில் பாப்டிஸ்டு சபையொன்றில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர். ஞாயிறுதோறும் ஊரார் நடுவே இருந்தவர். ஆனால் அவரை அறிந்த சபைக்கு நிறுவனத்தின் பேரேடு தெரியாது. பேரேட்டைப் பார்க்கவேண்டிய இயக்குநர் குழுவோ அவருக்குக் கட்டுப்பட்டிருந்தது. பங்குகளை ஈடுவைத்து அவர் கடன் வாங்கியிருந்தார். பங்கு விலை சரிய, வங்கிகள் நெருக்கின. அவர் பங்குகளை விற்றால் விலை மேலும் விழும் என்றஞ்சிய குழு, கடனாகவும் உத்தரவாதமாகவும் 40 கோடி டாலருக்கு மேல் அளித்தது.

இதற்கிடையே, பிற நிறுவனங்களின் தொலைபேசித் தடங்களுக்குக் கட்டிய வாடகை, செலவாக அல்லாமல் மூலதனச் சொத்தாகப் பதியப்பட்டது. ஏட்டில் லாபம் ஏறியது. இதைத் தோண்டியெடுத்தது சின்தியா கூப்பரின் உள்தணிக்கைக் குழு. பேரேட்டைத் திறக்க அவர்கள் வழி கண்டனர்; நிர்வாகத்தைத் தாண்டி இயக்குநர்களின் தணிக்கைக் குழுவிடம் முறையிடும் வழியும் கூப்பருக்கு இருந்தது. 2002 ஜூனில் அம்பலமான மோசடி முடிவில் சுமார் 1,100 கோடி டாலரை எட்டியது. எபர்ஸுக்கு 2005-இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மோசடிச் செய்தி வெளியானதும் தாம் அறிந்து தவறு செய்யவில்லை என்று அவர் சபையில் சொன்னபோது, சபையார் கைதட்டினர். அவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. விசாரிக்க வழிதான் இல்லை.

இதற்கு மாறாக, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் வியாபாரத்தைச் சபையின் பார்வைக்கு உட்படுத்தினர். கணக்கை ஒழுங்காகப் பார்க்கும்படி உறுப்பினர்களை அறிவுறுத்தினர். திவாலானவரைச் சபையே விசாரித்தது. 1828-இல் ஜோசப் ஃபிரையின் வங்கி முறிந்தபோது அவர் சபையிலிருந்து நீக்கப்பட்டார். சிறைச் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற மனைவி எலிசபெத் ஃபிரையின் செல்வாக்கும் அதைத் தடுக்கவில்லை.

இவ்வொழுங்கும் தோற்றதே என்று மறுக்கலாம். குவேக்கர் குடும்பத்தவர் வளர்த்த ஓவரெண்ட் கர்னி நிதி நிறுவனம் 1866-இல் நொடித்தது. மறுப்பு நியாயமானது, ஆயினும் அது வாதத்தைக் கூர்மையாக்குகிறது. ஃபிரைக்குக் கிடைத்தது வீழ்ச்சிக்குப் பிந்திய தண்டனை. முறிவைத் தடுக்கவேண்டுமானால், கடன் பெருகும்போதே யாரேனும் ஏட்டைப் பார்த்திருக்கவேண்டும்.

அந்த யாரேனும் போதகராக இருப்பது கடினம். ஆலயக் கட்டட நிதிக்குப் பெருந்தொகை தந்தவரிடம் அவரால் எளிதில் கேள்வி கேட்க முடியாது. தொழிலதிபரிடம் சம்பளமோ காணிக்கையோ பெறாத, கணக்கு தெரிந்த இருவர் அவருடைய சொந்தக் கடனையும் நிறுவனக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஐயம் எழுந்தால் முறையிட அவர்களுக்கு ஓர் இடமும் வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத தொழிலதிபர், எத்தனை ஜெபக்குழுக்களில் அமர்ந்திருந்தாலும் தனியாளே.