பாட்டீலும் படேலும்

பேஷ்வா காலத்து மராட்டிய ஊர் ஆவணங்களில், பாட்டீல் கையெழுத்திட வேண்டிய இடத்தில் சின்னதாக ஓர் ஏர்க்கலப்பை வரைந்திருக்கும். அதுதான் அவருடைய அடையாளம். எழுதுவது குல்கர்ணியின் வேலை. நம் ஊர்க் கர்ணம் போன்றவர் அவர். வரி வசூல், ஊர்க்காவல், சில்லறைத் தகராறுக்குத் தீர்ப்பு எல்லாம் பாட்டீலின் பொறுப்பு. அதற்குக் கூலியாகப் பரம்பரை மானிய நிலம், 'வதன்'. கூடவே முதல் மரியாதை: மாடுகளைக் கொண்டாடும் போளா பண்டிகையில் அவர் வீட்டு மாட்டுக்குத்தான் முதல் இடம்.

மாளவத்துப் பரமார மன்னர்களின் செப்பேடுகளில் 'பட்டகில' என்றொரு பதவி வருகிறது. ஊர்த்தலைவர் என்று பொருள். நாம் வீட்டுமனைக்கு வாங்கும் பட்டாவின் வேரும் அந்தப் 'பட்ட'தான். இந்தப் பதவிப் பெயர் மராட்டியத்தில் பாட்டீல் ஆனது, குஜராத்தில் படேல் ஆனது. பம்பாய் மாகாண அரசாங்கம் இரண்டையுமே 'படேல்' என்றுதான் எழுதியது. ஒரே வேர், ஒரே வேலை. ஆனால் குடும்பப் பெயராக மாறியபோது இரண்டும் வெவ்வேறு வழியில் போயின.

மராட்டியத்திலும் அதை ஒட்டிய கர்நாடகத்திலும் அது பதவியின் பெயராகவே தங்கியது. எந்த ஊரில் எந்தச் சாதிக்காரர் தலைவரோ, அவர் வீட்டார் பாட்டீல். ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை 1919இல் தொடங்கிய பாவுராவ் பாட்டீல் சமணர். கர்நாடக முதல்வராக இருந்த வீரேந்திர பாட்டீல் லிங்காயத்து. நவி மும்பையில் நிலம் பறிபோன விவசாயிகளுக்காக நின்ற தி.பா. பாட்டீல் ஆக்ரி சமூகத்தவர். சாதாராவில் வெள்ளையருக்கு எதிராகப் போட்டி அரசு நடத்திய நானா பாட்டீலின் குடும்பப் பெயர் உண்மையில் பிசாள். ஆகவே கல்யாணப் பேச்சில் பாட்டீல் என்று சொன்னால் போதாது. "மூள் ஆட்நாவ் காய்?", மூலப் பெயர் என்ன என்ற கேள்வி வரும்.

குஜராத்தின் கதை வேறு. அங்கே கன்பி என்று அழைக்கப்பட்ட உழவர் சமூகம் சரோத்தர் பகுதியில் செழித்தது. நிலத்தில் பங்கு உள்ளவர் என்ற பொருளில் தங்களைப் 'பாட்டிதார்' என்றார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அப்படியே பதிவானார்கள். கூடவே, ஊருக்கு ஒருவர் வகித்த பதவியின் பெயரான படேலைச் சமூகமே சூடிக்கொண்டது. எல்லோரும் படேல் என்றான பிறகு பெயர் எதையும் பிரித்துக் காட்டாது. அதனால் அங்கே கேள்வி "கயு காம்?", எந்த ஊர் என்பது. கரம்சாத், நடியாத், வசோ, தர்மஜ், பாத்ரண், சோஜித்ரா என்ற ஆறு ஊர்க்காரர்கள் தங்களுக்குள் மட்டுமே சம்பந்தம் பேசிய காலம் ஒன்று இருந்தது. சர்தார் வல்லபபாய் படேலின் பூர்வீகம் அந்தக் கரம்சாத்தான். பதவியின் சுவடு குஜராத்திலும் முழுக்க அழியவில்லை. பரூச் வட்டாரத்தில் முஸ்லிம் படேல்கள் இருக்கிறார்கள். மறைந்த காங்கிரஸ் அரசியல்வாதி அகமது படேல் அந்த மாவட்டத்துக்காரர்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைப்பது 1928இல் குஜராத்தின் பர்தோலியில் நடந்தது. வரிகொடாப் போராட்டத்தின்போது, வரி வசூலிக்க வேண்டிய ஊர்ப் படேல்கள் பலர் தங்கள் பதவியை ராஜினாமா செய்துவிட்டு மக்களோடு சேர்ந்துகொண்டார்கள். பரம்பரைச் சோற்றை உதறுவது லேசான காரியமல்ல. பதவி போனது, பெயர் நின்றது. பிறகு அந்தப் பெயர் கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கா போனது. 1972இல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் விரட்டியதும் லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்க நெடுஞ்சாலை மோட்டல்களிலும் அதே பெயர்தான்.

மகாராஷ்டிரத்தில் வருவாய்ப் பாட்டீல் பதவியை 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. போலீஸ் பாட்டீல் பதவி மட்டும் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்றும் உண்டு. ஆனால் பரம்பரை உரிமை கிடையாது. விண்ணப்பம் போட்டு, தேர்வு எழுதி வர வேண்டும். பெண்களும் வருகிறார்கள். நியமன ஆணையை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறவரின் குடும்பப் பெயர் பாட்டீலாக இருக்க வேண்டியதில்லை.