பாரிஸ் வரை போன கெளுத்தி

போன மாதம் குடும்பத்தோடு ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும்போது, சேலத்தில் ஒரு மீன்கடையில் வண்டியை நிறுத்தினேன். கூடையில் விரல் நீளக் கெளுத்திகள், மீசையை ஆட்டிக்கிட்டு உயிரோட கிடந்தன. கூட வந்த மாமா தடுத்துட்டார். "வேணாம் மாப்ள, அது கவர்மெண்ட் தடை பண்ண மீனாச்சே!"

தடை உண்மைதான், ஆனால் மீன் வேற. 2000-ல் மத்திய அரசு தடை செய்தது ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை. அது மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும் வெளியூர் மீன். உறவுமுறைப்படி பார்த்தால் அது நம்ம தேளிக்குத்தான் நெருக்கம். நாட்டுக் கெளுத்தியின் குடும்பமே வேறு.

சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்கா, திருமணிமுத்தாறு இரண்டும் காவிரியில் சேர்கின்றன. இந்தக் காவிரிப் பக்கத்து ஏரி குளங்களில் கெளுத்தி காலங்காலமாக ஏழை வீட்டுக் குழம்பு மீன். தூண்டில் போடும் பசங்களுக்கும் முதலில் மாட்டுவது பெரும்பாலும் இதுதான். முள் குத்தி அழுததும் ஞாபகம் இருக்கும்.

இதன் பெயர் வரலாறு சுவாரசியமானது. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், மீன்களைச் சேகரித்து பெர்லினில் மார்கஸ் பிளாக்குக்கு அனுப்பி வந்தார். தரங்கம்பாடி மீன் ஒன்றுக்கு 1794-ல் பிளாக் வைத்த பெயர் 'விட்டாட்டஸ்'. லத்தீனில் 'கோடு போட்டது' என்று அர்த்தம். 1840-ல் பாரிஸில் வாலன்சியன் இன்னொரு கெளுத்தியை விவரித்தபோது, நம்ம ஊர்ச் சொல்லையே லத்தீனாக்கி 'கெலெட்டியஸ்' என்று வைத்தார். இன்றும் அதன் அறிவியல் பெயர் மிஸ்டஸ் கெலெட்டியஸ்தான்.

ஏற்காட்டுக்குக் காபி கொண்டுவந்தவர் என்று சேலம் கலெக்டர் காக்பர்னை எல்லாரும் சொல்வோம். கெலெட்டியஸில் எந்தத் துரையின் பெயரும் இல்லை. கரையில் நின்று "இது கெளுத்தி"ன்னு சொன்ன மீனவரின் சொல்தான் இருக்கு. இப்போ அதே சொல்லை வெளியூர் மீனுக்கும் வைத்து, நாட்டு மீன் விற்பவர் பிழைப்பில் மண் போடுகிறோம்.

கண்டுபிடிப்பது சுலபம். ஆப்பிரிக்க மீனுக்கு முதுகுத் துடுப்பு கிட்டத்தட்ட வால்வரை நீளும். கெளுத்திக்கு அது குட்டையாக, முன்னால் ஒரு முள்ளோடு இருக்கும்; பின்னால் சதைத் துடுப்பு ஒன்று தனியாக இருக்கும்.

இதை மாமாவுக்குக் கடையிலேயே காட்டினேன். அரைக்கிலோ வாங்கினோம்.